காலாவதி என்னும் அளவுகோல்: பொது நூலகத் தமிழ்ப் பார்வை நூல்களைக் களைதல் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பொது நூலகத்தின் பார்வை நூல் தொகுப்பைக் காலந்தோறும் ஆராய்ந்து, பயன் குன்றியவற்றை நீக்கிப் புதியவற்றைச் சேர்த்தல் நூலகப் பணியின் இன்றியமையாத கூறாகும். இதற்கெனப் பரவலாக எடுத்தாளப்படும் முறைகள் அமெரிக்கப் பொது நூலகச் சூழலில் உருவானவை. நூலின் வயது, இரவல் பதிவு, மாற்றுப் பதிப்பு, பிற நூலகங்களில் கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றை அவை அளவுகோல்களாகக் கொள்கின்றன. தமிழ் அகராதிகள், கலைக்களஞ்சியங்கள் ஆகியவற்றின் பதிப்பு வரலாற்றோடு ஒப்பிட்டு இவ்வளவுகோல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்ப் பார்வை நூலைப் பொறுத்தவரை ‘பழையது’ என்பதும் ‘காலாவதியானது’ என்பதும் ஒன்றல்ல என்பதும், இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் நீக்குவதிலும் இருத்துவதிலும் ஒருங்கே பிழை நேர்கிறது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பொது நூலகம், பார்வை நூல்கள், களைதல், கலைக்களஞ்சியம், அகராதி, மறுபதிப்பு.

முன்னுரை

பொது நூலகத்தின் இரவல் பகுதிக்கு வருபவர் படிப்பதற்கு ஒரு நூலை நாடுகிறார். பார்வைப் பகுதிக்கு வருபவரோ ஒரு வினாவுக்கு விடை தேடுகிறார். நூலை முழுதும் படித்து, அதன் காலத்தையும் நோக்கையும் எடைபோடும் அவகாசம் அவருக்கு இல்லை. உரிய பக்கத்தைத் திறக்கிறார். இருப்பதைக் குறித்துக்கொண்டு செல்கிறார். ஆகவே பார்வை நூலில் உள்ள பழைய செய்தி, பிற நூல்களில் உள்ளதைவிட மிகுதியான தீங்கை விளைவிக்கவல்லது.

தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த அந்நூல், இந்திய மொழிகளில் கலைக்களஞ்சிய ஆக்கத்திற்கு முன்னோடியாகக் கருதப்படும் பெருமுயற்சியாகும். அதன் முதல் தொகுதி வெளிவந்தபோது மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைபெறவில்லை. கன்னியாகுமரி தமிழகத்தோடு இணையவில்லை. பதின்ம நாணய முறையும் நடைமுறைக்கு வரவில்லை. இறுதித் தொகுதி வெளிவந்தபோதும் மாநிலத்தின் பெயர் ‘தமிழ்நாடு’ என மாறியிருக்கவில்லை. அம்மாற்றம் 1969 சனவரியில் நிகழ்ந்தது. சீரமைப்பிற்குப் பின் 1956இல் 13ஆக இருந்த மாவட்டங்கள் இன்று 38 ஆகியுள்ளன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினமும் (1991), பின்னர் அதிலிருந்து திருவாரூரும் (1997) மயிலாடுதுறையும் (2020) பிரிந்தன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட வரிவடிவத்தில் அச்சானமையால், இன்றைய பள்ளி மாணவர் சில எழுத்துகளிடத்துத் தயங்கி நிற்கவும் நேரும்.

களைதல் முறைகள் எவற்றைக் கொண்டு நோக்கினும் இந்நூல் அடுக்கிலிருந்து அகற்றத்தக்கதே. ஆனால், அகற்றிய இடத்தில் எதனை வைப்பது என்னும் வினாவுக்கு அம்முறைகளில் விடையில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

களைதல் முறைகளும் அவற்றின் முற்கோள்களும்

சிறிய, நடுத்தரப் பொது நூலகங்களுக்கென ஜோசப் சீகல் 1976இல் டெக்சாஸ் மாநிலத்தில் உருவாக்கிய ‘க்ரூ’ முறை இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. தொடர் மீளாய்வு, மதிப்பீடு, களைதல் ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது. ஒவ்வொரு பொருட்பிரிவுக்கும் மூன்று உறுப்புகள் கொண்ட வாய்பாட்டை அது தருகிறது. முதல் உறுப்பு, நூலின் அண்மைய பதிப்புரிமை ஆண்டிலிருந்து கடந்த காலம். இரண்டாவது, எவரும் பயன்படுத்தாமல் கழிந்த காலம். மூன்றாவது, ‘மஸ்டி’ எனச் சுருக்கி வழங்கப்படும் குறைகள். அக்குறைகள் ஆறு: தவறாக வழிநடத்துவது, தோற்றம் சிதைந்தது, புதிய பதிப்பாலோ மேலான நூலாலோ பின்தள்ளப்பட்டது, அற்பமானது, அந்நூலக வாசகருக்குத் தொடர்பற்றது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது.

ஸ்டான்லி ஸ்லோட் 1975இல் வெளியிட்ட நூல் வேறொரு வழியை முன்வைத்தது. நூலின் மதிப்பைப் பற்றிய தனிமனிதக் கணிப்பை ஒதுக்கி, அது அடுக்கில் தொடப்படாமல் நின்ற காலத்தை மட்டுமே அளவாகக் கொள்ளவேண்டும் என்பது அவர் கொள்கை. கடந்தகாலப் பயன்பாடு எதிர்காலப் பயன்பாட்டைக் காட்டும் என்னும் நம்பிக்கை அதன் அடிப்படை.

இம்முறைகளின் பயனை மறுக்க இயலாது. நூலகர் தம் விருப்புவெறுப்பால் நூலைக் கழிப்பதையோ காப்பதையோ அவை தடுக்கின்றன. உள்ளூர் வரலாறு போன்ற பிரிவுகளில் நிதானம் வேண்டும் என்பதையும் க்ரூ கையேடு உணர்ந்தே உள்ளது. எனினும், இவற்றுள் மூன்று முற்கோள்கள் பொதிந்துள்ளன. நூலில் அச்சிடப்பட்ட ஆண்டு உள்ளடக்கத்தின் வயதைக் காட்டும் என்பது முதலாவது. பழைய பார்வை நூலுக்கு மாற்றாகப் புதியதொன்று சந்தையில் கிடைக்கும் என்பது இரண்டாவது. ஓரிடத்தில் நீக்கப்பட்டது மற்றோரிடத்தில் பாதுகாப்பாக இருக்கும் என்பது மூன்றாவது.

ஆங்கிலப் பதிப்புலகில் இம்மூன்றும் பெருமளவு பொருந்தி வந்தன. பிரித்தானியக் கலைக்களஞ்சியம் தொடர்ச்சியான திருத்தங்களோடு மீண்டும் மீண்டும் அச்சாகி வந்தமையால், பழைய தொகுதிகளை நீக்கிப் புதியவற்றை வாங்குதல் அங்கு இயல்பான நடைமுறையாயிற்று. அந்நூலும் 2010 பதிப்போடு அச்சு வடிவத்தை நிறுத்திக்கொண்டதை 2012இல் அறிவித்தது. அளவுகோலைப் பிறப்பித்த சூழலே மாறிவிட்ட நிலையில், அச்சூழல் என்றுமே நிலவாத தமிழுக்கு அதனை அப்படியே பொருத்துவது ஆய்வுக்குரியது.

ஆண்டும் வயதும்

முதல் முற்கோள் தமிழ் நூலகங்களின் சேர்க்கைப் பதிவேட்டிலேயே தடுமாறுகிறது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு, ஆசிரியர் மறைந்தபின் 1934இல் வெளிவந்தது. இன்று நூலகங்களில் காணப்படுபவை பெரும்பாலும் பிற்கால மறுபதிப்புகள். வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதியும் இத்தகையதே. 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862இல் வெளிவந்த அது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் ஒளியச்சு மறுபதிப்பாகப் பரவியது. இத்தகைய நூலின் மறுபதிப்பு ஆண்டு மட்டும் பதிவேட்டில் ஏறினால், 19ஆம் நூற்றாண்டு நூல் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகத் தோற்றமளிக்கும். ‘திருத்திய பதிப்பு’, ‘மறு அச்சு’ ஆகிய சொற்களை வேறுபாடின்றி வழங்கும் பதிப்பாளர் வழக்கம் இக்குழப்பத்தை மேலும் வளர்க்கிறது. பதிப்புரிமை ஆண்டை அடிப்படையாகக் கொண்ட க்ரூ வாய்பாட்டின் முதல் உறுப்பு இங்கேயே பொருளிழக்கிறது.

ஆண்டு சரியாகப் பதிவாகியிருப்பினும் வயது உண்மையை உரைப்பதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் 2024 சூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு முந்தைய ஆண்டில் வாங்கப்பட்ட தண்டனைச் சட்டக் கையேடு, அட்டை மங்குமுன்னரே வாசகரைத் தவறான பிரிவு எண்ணுக்கு அழைத்துச் செல்லும். அதே அடுக்கில் நிற்கும் அபிதான சிந்தாமணியில் புராணப் பெயர் ஒன்றைத் தேடுபவர் 1934இல் பெற்ற விடையையே இன்றும் பெறுவார். அதனால் அவருக்கு இழப்பில்லை. ஓராண்டு நூல் காலாவதியாக, 90 ஆண்டு நூல் நிலைக்கிறது. மறுபுறம், பழைய சட்ட நூலும் முற்றிலும் பயனற்றுப் போவதில்லை. புதிய சட்டம் நடைமுறைக்கு வருமுன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால், பழைய தீர்ப்புகளைப் படிப்பவர்க்கும் நிலுவை வழக்கை எதிர்கொள்பவர்க்கும் அது தேவைப்படும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மற்றொரு சான்று. 2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனமையால், 10 ஆண்டுகளைக் கடந்த பின்னரும் 2011ஆம் ஆண்டின் தொகுதிகளே ஒப்புக்கொள்ளப்பட்ட தரவாக நின்றன. 10 ஆண்டுகள் என்னும் பொது வரம்பைக் கொண்டு அவற்றை நீக்கியிருந்தால் அடுக்கு வெறுமையாகியிருக்கும். ஆகவே, காலாவதி என்பது நூலில் உள்ள செய்திக்கும் வாசகர் கேட்கும் வினாவுக்கும் இடையிலான உறவே. அதனை நூலின் வயதைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் பொருந்தாது.

வாரிசு நூல் என்னும் வினா

‘பின்தள்ளப்பட்டது’ என்னும் குறையே பார்வை நூலை நீக்குவதற்கு மிகுதியும் காட்டப்படும் காரணம். தமிழ் அகராதிகளில் எது எதனைப் பின்தள்ளுகிறது என்பது எளிதில் விடைகாணத்தக்க வினாவன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாகவும், 1939இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்து, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் பதிவு செய்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புகளைக் கண்டது. காலத்தால் பிந்தியது முந்தியதைப் பின்தள்ளும் எனக் கொண்டால், லெக்சிகனை நீக்கிக் க்ரியாவை வைக்கவேண்டும். ஆனால் க்ரியா, பெயர் சுட்டுவதுபோல், தற்கால எழுத்துத் தமிழுக்குரியது. இலக்கியச் சொல்லொன்றின் பொருளையும் ஆட்சியையும் தேடி வருபவர்க்கு அதில் விடை கிட்டாது. 1974இல் தனி இயக்ககம் நிறுவித் தொடங்கப்பெற்று, 1985இல் முதல் மடலம் கண்ட செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி, லெக்சிகனின் சொற்பிறப்பு முடிவுகளை மறுக்கும் நோக்கோடு எழுந்தது. மறுப்பு நூல் வந்ததனால் மறுக்கப்பட்ட நூல் நீக்கத்தக்கது ஆகிவிடாது. விவாதத்தை அறிய விரும்பும் மாணவர்க்கு இரண்டும் ஒரே அடுக்கில் இருத்தல் வேண்டும்.

க்ரியாவின் மூன்று பதிப்புகளிடையே நிலைமை வேறு. 2020 பதிப்பு வந்தபின் 1992 பதிப்பைப் பொது வாசகரின் கைக்கெட்டும் அடுக்கில் வைக்கவேண்டிய தேவையில்லை. இங்குப் பின்தள்ளுதல் உண்மையாகவே நிகழ்ந்துள்ளது. ஆனால் ஒரு சொல் எப்போது பொதுவழக்குக்கு வந்தது என்பதை ஆராய்பவர்க்கு, 1992இல் அது இடம்பெறாமையே சான்றாகும். விடை தரும் நூலாக இருந்தது சான்று தரும் நூலாக மாறியுள்ளது. இம்மாற்றத்தைக் களைதல் முறைகளின் ‘இருத்து அல்லது நீக்கு’ என்னும் இருமை கண்டுகொள்வதில்லை.

கலைக்களஞ்சியத் துறையில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியம், வாழ்வியற் களஞ்சியம் என இரு வரிசைகளை வெளியிட்டது. அவற்றின் பொருட்பகுப்பு தமிழ் வளர்ச்சிக் கழகக் கலைக்களஞ்சியத்தினின்று வேறானது; எனவே அவை துணை நிற்குமேயன்றி, ஒன்றுக்கு ஒன்று ஈடாவதில்லை. அவற்றுள்ளும் 2006இல் புளூட்டோ கோள் தகுதியை இழந்ததற்கு முன்னரே அச்சான அறிவியல் தொகுதிகளுக்கு இன்று திருத்தம் தேவைப்படுகிறது. மாற்று இல்லை என்பதனால் தவறான செய்தியை வாசகர்முன் வைக்கலாமா என்னும் வினா இங்கு எழுகிறது. வைக்கலாகாது என்பதே விடை. ஆனால் தவறான செய்தியை அகற்றுதலும் நூலை அகற்றுதலும் வெவ்வேறு செயல்கள்.

இரவல் பதிவில்லாத பயன்பாடு

ஸ்லோட் முறையின் தடை வேறு வகையானது. பார்வை நூல் இரவல் தரப்படுவதில்லை. ஆகவே அதில் நாள் முத்திரை விழுவதில்லை. இதனை உணர்ந்தே, பயன்படுத்தப்பட்ட நூலின் முதுகில் புள்ளியிடும் வழியையும் ஸ்லோட் கூறினார். வாசகரே நூலை எடுத்துப் பார்த்து அடுக்கில் திருப்பி வைத்துவிட்டால் அப்புள்ளியும் விழாது. எடுத்த நூலை மேசைமேலேயே விடுமாறு வாசகரை வேண்டி, நாள்தோறும் அவற்றைக் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தாலன்றி, ‘பயன்படாதது’ என்னும் முடிவு வெறும் ஊகமே.

பதிவு கிடைப்பினும் ஒரு தயக்கம் எஞ்சும். ஹெமிங்வே தொகுத்த 1906ஆம் ஆண்டின் தஞ்சாவூர் மாவட்ட விவரக்கொத்தைப் பல ஆண்டுகளில் ஒருவர் மட்டுமே எடுத்திருக்கலாம். அவ்வொருவர் அம்மாவட்டத்தின் பாசன வரலாற்றை எழுதுபவராகவும் இருக்கலாம். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்னும் ரங்கநாதனின் மூன்றாம் விதி இத்தகைய நூலையே காக்கிறது. களைதலுக்கு ஆதரவாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதி. 1931இல் வெளிவந்த அவ்விதிகளை ரங்கநாதன் எழுதியபோது, அவர் நூலகராக இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தே தமிழ் லெக்சிகனும் பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது. வளர்ச்சியைச் சொல்லும் விதியை, அதற்கு முந்திய நான்கு விதிகளினின்றும் பிரித்தெடுத்துக் கழிப்பதற்குரிய உரிமையாகக் கொள்வது முறையான வாசிப்பன்று. அதுபோலவே, வாசகரின் காலத்தைக் காக்கச் சொல்லும் நான்காம் விதியைப் புறக்கணித்து எல்லாவற்றையும் குவித்து வைப்பதும் முறையன்று.

‘வேறிடத்தில் கிடைக்கும்’

மூன்றாம் முற்கோளுக்குச் சட்ட அடிப்படை உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்று சேரவேண்டும். ஆனால் அச்சட்டத்திற்கு முற்பட்ட நூல்களையும், இந்தியாவுக்கு வெளியே அச்சான தமிழ் நூல்களையும் அது தொடுவதில்லை. 1902இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் இவ்விரு வகையிலும் அடங்குவது. ஓரிடத்தில் இருப்பதை நம்பிப் பிற இடங்களில் கவலையற்றிருக்க இயலாது என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகமே கொடிய சான்று. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. படி எடுக்கப்படாதிருந்தவை மீளவில்லை.

மின்வடிவம் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், லெக்சிகன், வின்சுலோ, பெப்ரீசியசு அகராதிகளைத் தேடத்தக்க வடிவில் தரும் சிகாகோ பல்கலைக்கழகத் தளமும் இன்று ‘வேறிடம்’ என்னும் சொல்லுக்கு உண்மைப் பொருள் தருகின்றன. பக்கங்கள் உதிரும் லெக்சிகன் படியொன்றைக் கிளை நூலகம் இன்று நீக்கலாம். ஆனால் அங்கு வரும் வாசகர்க்கு இணைய வசதியுடைய கணினியும், அத்தளத்தைக் காட்டித் தரும் நூலகரும் இருக்கவேண்டும். அவை இல்லாதவிடத்து நூல் உலகில் எங்கோ கிடைப்பது அவருக்குக் கிடைத்ததாகாது.

நூலகரின் தயக்கமும் விதியின் நோக்கும்

நடைமுறையில் பொது நூலகங்கள் மிகுதியாகக் களைவதைவிடக் களையாமலேயே விடுவது பெரிதும் காணப்படுகிறது. அதனை நூலகரின் சோம்பலாகக் கொள்ளுதல் தகாது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் நூலகம் பற்றிக் கூறுவதை நோக்கலாம். 20,000 தொகுதிகள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு வேண்டும். ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 தொகுதிகளுக்கு 5 வரையிலான இழப்பு ஏற்கத்தக்கது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை வேண்டும் என்பன அவை. இவ்விதிகள் மாநிலப் பொது நூலகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் அரசு நூலிருப்பை நோக்கும் முறையை உணர்த்துகின்றன. இச்சரிபார்ப்பில் நூல் இருக்கிறதா என்பதே வினா. நூலில் இருப்பது இன்றும் சரிதானா என்பது வினாவாவதில்லை. விலை மிகுந்த பார்வை நூலை இழந்தால் விளக்கம் தரவேண்டிய நூலகர், வாசகர் அதிலிருந்து தவறான செய்தியைப் பெற்றுச் சென்றால் எவர்க்கும் விளக்கம் தரவேண்டியதில்லை. இந்நிலையில் எதையும் தொடாமல் விடுவதே அவருக்குப் பாதுகாப்பான வழியாகிறது.

ஒருபுறம் தயக்கம் எல்லாவற்றையும் காக்கிறது. மறுபுறம் இடநெருக்கடியோ கட்டட மாற்றமோ நேரும்போது, பழுப்பேறியவை அனைத்தும் ஒரே நாளில் கழிக்கப்படும் வாய்ப்பும் உண்டு. 1996இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் புதிய கட்டடத்திற்கு மாறியபோது நிகழ்ந்த பெருநீக்கத்தை எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் பொதுவெளியில் கண்டித்தார். நூல்கள் எந்த அளவுகோலால், எவருடைய ஒப்புதலோடு நீக்கப்பட்டன என்பதை வாசகர் அறியவில்லை என்பதே அவ்விவாதத்தின் உள்ளீடு. வெளிப்படையான அளவுகோல் இன்மையே தயக்கத்திற்கும் கண்மூடித்தனமான கழிப்பிற்கும் பொதுவான காரணமாகும்.

தீர்வு நோக்கி

இதுவரை கூறியவை எதையும் நீக்காமல் வைத்திருப்பதற்குரிய வாதமாகக் கொள்ளத்தக்கவை அல்ல. பழைய பொது அறிவு ஆண்டு நூல்கள், மாறிப்போன தேர்வுத் திட்டங்களுக்குரிய வழிகாட்டிகள், நடப்பிலில்லாத முகவரிக் கையேடுகள் ஆகியவற்றின் மிகைப்படிகளைக் கிளை நூலகங்கள் தயக்கமின்றி நீக்கலாம். மாவட்ட அளவில் ஒரு படி எஞ்சுவது போதும்.

ஏனையவற்றுக்கு, அச்சாண்டோடு உரை உருவான ஆண்டையும் பதிவேட்டில் குறித்தல் முதற்படி. அந்நூல் விடை கூறிவந்த வினாக்களுக்கு இன்று விடைதரும் நூல் அதே நூலகத்தில் உள்ளதா என்று நோக்குதல் அடுத்தது. உள்ளதெனின், பழையதை உள்ளடுக்கிற்குப் பெயர்த்து, கேட்பவர்க்குச் சான்று நூலாகத் தரலாம். இல்லையெனின், நூலை அதன் இடத்திலேயே இருத்தி, முகப்பில் ஒரு குறிப்புத்தாள் ஒட்டுதல் தகும். ‘இத்தொகுதி 1954இல் அச்சானது, மாவட்டங்கள், மக்கள்தொகை, நாணயம், அறிவியல் ஆகியவை பற்றிய செய்திகளைப் புதிய நூலோடு ஒப்பிடுக’ என்னும் இரு வரிகள், கலைக்களஞ்சியத்தை நீக்காமலேயே அதன் தீங்கை நீக்கும். நீக்கப்படும் நூல்களின் பட்டியலை மாவட்ட மைய நூலகம் முன்கூட்டியே வெளியிட்டு, வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளின் கருத்தைக் கேட்குமானால், நூலகர் தனியாகப் பொறுப்பேற்க வேண்டிய அச்சமும் குறையும்.

முடிவுரை

களைதல் முறைகள் புதிய பதிப்புகள் இடையறாது வரும் மொழிச்சூழலில் தோன்றியவை. தமிழ்ப் பார்வை நூல்கள் பெரும்பாலும் ஒரு தலைமுறையின் உழைப்பால் ஒருமுறை உருவாகி, அடுத்த தலைமுறை வரை மாற்றின்றி நிற்பவை. ஆகவே வயதும் இரவல் பதிவும் இங்கு வழிகாட்டப் போதுமானவை அல்ல. உரையின் காலம், வாரிசு நூலின் இருப்பு, வாசகரின் வினா ஆகியவற்றை இணைத்து நோக்குதல் வேண்டும். களைதலை முறைப்படுத்துவதால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பதையும் கூறியாக வேண்டும். அடுக்கில் நிற்கும் பழைய கலைக்களஞ்சியம் நூலகரின் குறையை அன்று, அதற்குப் பின் ஆக்கப்படாத நூலைச் சுட்டி நிற்கிறது. அதற்கு ஈடான நூல் கைக்கு வரும்வரை, அதனை இருத்துவதும் அதன் காலத்தை வாசகர்க்கு அறிவிப்பதும் பொது நூலகத்தின் கடமையாகும்.